முப்பத்தாறு நோட்டுகள்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யைக்கு நாற்பத்தொன்று. இருவரும் சந்தித்தது ஆசிரமத்தில் அல்ல. தென்காசிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில்.

குருவின் பெயர் ஹாஜிரா. அறிவியல் ஆசிரியை. பி.எட். படிப்பவர்கள் பயிற்சிக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் நடத்துவதைக் கவனித்து, பதிவேட்டில் குறை நிறை எழுதிக் கையெழுத்துப் போடும் வழிகாட்டி ஆசிரியையும் அவர்தான்.

சிஷ்யை பேச்சியம்மாள். பதினோரு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் ஆய்வக உதவியாளர். வாத்தியார்கள் செய்து காட்டிவிட்டுப் போன சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது அவள் வேலை. அவளிடம் பி.எஸ்ஸி. பட்டம் இருந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் தாளாளருக்கே மனம் இரங்கியது.

"ரெண்டு வருஷம் தாரேன். பி.எட். முடிச்சிட்டு வாங்க, டீச்சராப் போடுதேன். தகுதித் தேர்வை அப்புறம் எழுதிக்கிடலாம். ரெண்டு வருஷம் தாண்டிச்சுன்னா வேற ஆளைப் போட்டிருவேன்."

அந்த இரண்டாவது வருஷம்தான் இப்போது முடியப்போகிறது. பயிற்சியில் பதினைந்து வாரம் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர்கள் வருவார்கள். நாற்பது நிமிஷத்துக்குள் ஒரு பாடத்தை நடத்தி முடித்துக் காட்ட வேண்டும். தவறினால் மறுபடி அடுத்த வருஷம்தான்.

புதன்கிழமை பேச்சியம்மாள் நிலாப் பாடம் எடுத்தாள். சார்ட் அட்டையில் ஜிகினாத் தூள் ஒட்டி ஏழு நிலா செய்து கொண்டுவந்திருந்தாள். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஜிகினா மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

"பிறை ஏன் வருது? பூமியோட நிழல் நிலா மேல விழுது. கொஞ்சமா விழுந்தா அரை நிலா, நிறைய விழுந்தா பிறை, முழுசா விழுந்தா அமாவாசை. எழுதிக்கோங்க."

கேட்கக் கச்சிதமாக இருந்தது. முப்பத்தாறு பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள்.

ஹாஜிரா பதிவேட்டில் எழுதினார்: 'குரல் நன்று. கரும்பலகை எழுத்து நன்று. இதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்து நோட்டுகளைத் திருத்தவும்.'

இரண்டு 'நன்று'. பேச்சியம்மாளுக்கு அன்று சோறு கூடுதலாக இறங்கியது.

மறுநாள் சாயங்காலம் ஹாஜிராவுக்குப் பத்தாம் வகுப்பில் சிறப்பு வகுப்பு. பேச்சியம்மாள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, முப்பத்தாறு நோட்டையும் அடுக்கி வைத்துச் சிவப்புப் பேனாவால் டிக் போட்டுக்கொண்டே போனாள். எல்லாரும் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தார்கள். இருபத்தெட்டாவது நோட்டு மாரிச்செல்வியுடையது. அதில் மட்டும் இரண்டு வரி எழுதி, ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தது. அடித்ததற்குக் கீழே மற்றவர்கள் எழுதிய அதே பதில்.

ஐந்தரை மணிக்கு ஹாஜிரா வந்தார்.

"எல்லாம் சரியாக்கா?"

"அத்தனையும் சரி டீச்சர். ஒரு பிள்ளை முதல்ல என்னமோ தப்பா எழுதியிருக்கா. பெறகு அவளே அடிச்சிட்டுச் சரியா எழுதிட்டா. நாம சொன்னது மண்டையில ஏறியிருக்கு, பாருங்க."

"அடிச்சதுல என்ன இருக்கு?"

பேச்சியம்மாள் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "'பிறை சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சூரியனைப் பார்த்த பக்கம் மட்டும் வெளிச்சமாகத் தெரிகிறது.'"

"கொஞ்சம் வெளிய வாங்கக்கா" என்று ஹாஜிரா அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போனார்.

மைதானத்தில் யாரும் இல்லை. வெயில் சாய்ந்திருந்தது.

"நம்ம நிழல் எந்தப் பக்கம் விழுது?"

"கிழக்க."

"சூரியன்?"

"மேற்கதான். என்ன டீச்சர் இது, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைட்ட கேக்க மாதிரி கேக்கீங்க?"

"நிலா எங்க இருக்கு?"

பேச்சியம்மாள் தேடினாள். சூரியனுக்கு மேலே, மேற்கு வானத்தில், நகத்தை வெட்டிப் போட்டது மாதிரி வெளுத்துக் கிடந்தது. நாலாம் பிறை. அதைப் பார்க்கவே கூடாது என்று அவள் வீட்டில் சொல்வார்கள். பார்த்துவிட்டாள்.

தன் நிழலைப் பார்த்தாள். அது கிழக்கே நீண்டு கொடிக்கம்பம் வரை கிடந்தது. மறுபடி பிறையைப் பார்த்தாள். பூமியின் நிழலும் கிழக்கேதானே விழும்! நிழல் ஒரு பக்கம், நிலா மறு பக்கம். அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பதினோரு வருஷம் ஆய்வகத்தில் நின்று, எந்த வாத்தியார் எங்கே தப்பு விடுகிறார் என்று மனசுக்குள் எண்ணியவள் அவள்.

இருவரும் அறைக்குத் திரும்பினார்கள்.

"எத்தனை நோட்டு தப்புக்கா?" என்றார் ஹாஜிரா.

"முப்பத்தாறும் தப்பு டீச்சர்."

"முப்பத்தாறும் சரி. நீங்க சொன்னதைத்தானே எழுதியிருக்காங்க."

பேச்சியம்மாளுக்கு அழுகை முட்டியது. கூடவே கோபமும் வந்தது.

"கடைசி பெஞ்சுலதான இருந்தீங்க? நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீங்களும் நோட்டுலதான் எழுதியிருப்பீங்க. வானத்தைப் பார்த்திருக்க மாட்டீங்க."

பேச்சியம்மாள் நோட்டுகளை அடுக்கினாள். அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"நாளைக்கு எனக்கு எதிரொளிப்புப் பாடம். நாப்பது நிமிஷமும் கணக்கா இருக்கு. இதுல இதையும் எங்க நுழைக்க? நான் போன பெறகு, திங்கட்கிழமை நீங்க பிள்ளைகள்ட்ட சொல்லிருதீங்களா?"

"சொல்லிருதேன்கா."

"கோவம் இல்லையே?"

"இதுல என்ன கோவம்? நிம்மதியாப் போய்ப் படுங்க."

அப்படி ஒரு வார்த்தைகூட இடிக்காமல் விட்டதுதான் பேச்சியம்மாளுக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் போகும்போது மாரிச்செல்வியின் ஸ்கேல் கோடுதான் கண்ணில் நின்றது. பிள்ளை தன் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறாள். டீச்சர் சொன்னது வேறு என்று தெரிந்ததும், கோணல்மாணல் இல்லாமல், மரியாதையாக அடித்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை. கடைசி பெஞ்சில் இரண்டு தேர்வாளர்கள், ஓரத்தில் ஹாஜிரா. மேஜையில் கண்ணாடி, டார்ச் லைட், எதிரொளிப்பு சார்ட், எல்லாம் வரிசையாக இருந்தன.

பேச்சியம்மாள் சார்ட்டை மாட்டவில்லை.

"பிள்ளைகளா, புதன்கிழமை நான் பிறைக்குச் சொன்ன காரணம் தப்பு. பூமியோட நிழல் இல்ல."

வகுப்பு அவளையே பார்த்தது. முன் பெஞ்சுப் பையன் ஒருவன் நோட்டைப் புரட்டினான்.

"டிக் போட்டிருக்கீங்களே மிஸ்?"

"அந்த டிக்கும் தப்புதான். எல்லாரும் அடிச்சிருங்க."

ஒரே சிரிப்பு. தேர்வாளர்களில் மூத்தவர் பாடக்குறிப்பைப் புரட்டிப் பார்த்தார்.

கிழக்கு ஜன்னலில் வெயில் விழுந்தது. மற்ற ஜன்னல்களைச் சாத்தச் சொன்னாள். விளையாட்டு ஆசிரியரிடம் காலையிலேயே வாங்கி வைத்திருந்த பந்தை வெயிலில் பிடித்தாள். பிள்ளைகளை ஒவ்வொரு பக்கமாக வந்து நிற்கச் சொன்னாள்.

"எனக்கு முழுசும் வெளிச்சமாத் தெரியுது!" என்றது ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்ற கூட்டம்.

"எங்களுக்குப் பாதிதான்!"

"எனக்கு இருட்டா இருக்கு மிஸ்!"

"பந்து மேல யாரு நிழலாவது விழுதா?"

"இல்ல!"

"அப்ப பிறை?"

"வெளிச்சம் பட்ட பக்கத்துல நமக்குத் தெரியுற துண்டு மிஸ்!"

அதற்குப் பிறகு யாரையும் அடக்க முடியவில்லை. கிரகணம்னா என்ன, பகல்ல நிலா எப்படித் தெரியுது என்று முப்பத்தாறு வாயும் கேட்டன. தெரிந்ததற்குப் பதில் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்றாள். கடிகாரத்தைப் பார்த்தபோது இருபத்திரண்டு நிமிஷம் போயிருந்தது. பதறிப்போய் எதிரொளிப்புக்குத் தாவினாள். பாதி சார்ட்டில் மணி அடித்தது.

மூத்த தேர்வாளர் நல்ல மனிதர். வராந்தாவில் அவளைத் தனியே அழைத்தார்.

"பாடக்குறிப்புல நிலா இல்லையேம்மா."

"இல்ல சார்."

"தொகுத்துச் சொல்லலை. மதிப்பீடு இல்லை. வீட்டுப்பாடம் இல்லை. எல்லாத்துக்கும் தனித்தனியாக் கட்டம் போட்டிருக்கு. நீங்க செஞ்சதுக்கு இந்தத் தாள்ல கட்டமே இல்லை. நான் எங்க மார்க் போட?"

"புரியுது சார்."

"அடுத்த வருஷம் ஒழுங்காச் செஞ்சிருங்க." சொல்லிவிட்டு அவர் அடுத்த வகுப்புக்குப் போனார்.

பேச்சியம்மாள் ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்தாள். ஜூனில் டீச்சராகச் சேர இருந்தது போயிற்று. தாளாளர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். குழாய் கழுவும் வேலைக்காவது மறுபடி கூப்பிடுவார்களா என்பதே சந்தேகம்.

ஹாஜிரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பதிவேட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நகர்த்தினார்.

"இனி இது எதுக்கு டீச்சர்?" என்றாள் பேச்சியம்மாள். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டாள்: "நான் செஞ்சது கிறுக்குத்தனமா? திங்கட்கிழமை நீங்க சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். என் இடத்துல நீங்க இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

ஹாஜிரா பேனாவை மூடினார்.

"உங்க இடத்துல இருந்திருக்கேன்கா. ஒன்பது வருஷம் முந்தி, இதே நிலாப் பாடம். நானும் நிழல்னுதான் சொன்னேன். தப்புன்னு தேர்வு அன்னைக்குக் காலைலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாயத் திறக்கலை. பாடம் சரியா நாப்பது நிமிஷத்துல முடிஞ்சுது. தொண்ணூத்தேழு மார்க். நாப்பத்திரண்டு பிள்ளைங்க இருந்தாங்க. இப்ப வேலை, கல்யாணம்னு எங்கெங்கயோ போயிருப்பாங்க. ஒருத்தர்ட்டகூட இன்னும் என்னால போய்ச் சொல்ல முடியலைக்கா."