அமலி திரும்பக் கேட்ட சொல்

நசீமாவிடம் படத்தொகுப்பு கற்க வந்தவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் ஒருவர்தான். பெயர் தணிகாசலம். அரக்கோணத்தில் சொந்தமாகக் கடை வைத்துக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தவர். மாலை மாற்றும்போது பெண்ணின் முகத்தில் மின்னி மறையும் ஒன்றைத் தவறாமல் பிடித்துப் போட்டுவிடுவார். அதற்காகவே வெளியூரிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகு, தாலி கட்டுவதைத் தவிர வேறு எதையாவது வெட்டிச் சேர்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

நசீமா ஆவணப்படங்கள் செய்பவர். நாற்பது ஆகவில்லை. அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் சில சமயம் பதில் வரும், சில சமயம் டீ வரும்.

அவருடைய ஸ்டூடியோவில் இருந்த கணினிகள் எல்லாம் ஒரே சர்வரோடு இணைந்தவை. படம்பிடித்து வந்த காட்சிகள் அந்த சர்வரில்தான் இருக்கும். யாரும் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே எந்தக் காட்சியையும் திறக்கலாம். ஒருவர் பாதியில் விட்டதை இன்னொருவர் எடுத்துத் தொடரலாம். தனக்கென்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை.

தணிகாசலத்துக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு நாள் காலையில் வந்து திறந்தால், முந்தின நாள் அவர் முடித்துவைத்த காட்சி வேறு மாதிரி இருந்தது. பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் தியோடர் இரண்டு இடத்தில் வெட்டியிருந்தான். கேட்டால், "கொஞ்சம் இழுத்துச்சு சார், அதான்" என்றான்.

தணிகாசலம் நசீமாவிடம் போனார்.

"மேடம், எல்லார் கையும் படுற இடத்துல என் வேலையை எப்படி விட்டுவைக்கிறது?"

நசீமா தன் கணினியில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். அவர் அப்போது வெட்டிக்கொண்டிருந்த படத்தின் தொடக்கம் அது. ஒலிகூட இன்னும் சரியாக ஒட்டவில்லை. "தியோடர், இதைக் கொஞ்சம் பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

தியோடர் உட்கார்ந்து பார்த்தான். நசீமா ஆசையாக வைத்திருந்த ஒரு சூரிய உதயத்தைத் தூக்கிவிட்டான். திரும்பி வந்தவர் ஒரு முறை ஓட்டிப் பார்த்தார்.

"இப்ப சரியா இருக்கு" என்றார்.

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டார் தணிகாசலம்.

"இருக்கு."

அதோடு அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

ஆனால் தணிகாசலம் அந்த வாரமே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினார். தனக்குப் பிடித்த காட்சிகளை சர்வரிலிருந்து அதில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு, அரக்கோணத்தில் செய்தது போலவே ஒற்றை ஆளாக வெட்டினார். ஒரு வடிவம் வந்த பிறகுதான் சர்வரில் கொண்டுவந்து வைப்பார்.

அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்தது தென்கோடிக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து புயலுக்கு முன் கிளம்பித் திரும்பாமல் போன படகைப் பற்றிய படம். படகில் போனவர்களின் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பேசியிருந்தன. அவர்களில் கணவனைப் பறிகொடுத்த அமலி என்ற பெண்ணின் பகுதி தணிகாசலத்திடம் வந்தது.

அமலி வீட்டுக்குள் உட்கார்ந்து மீன் வலையில் சிக்கு எடுத்துக்கொண்டே பேசினாள். நடுவில் கை நின்றது. "அன்னைக்கு விடியக்காலம் எங்களுக்குள்ள சண்டை. போறதுன்னா அப்படியே போயிரு, இந்த வாசல்ல மிதிக்காதன்னு சொன்னேன். ஒண்ணும் சொல்லாம செருப்பை மாட்டிட்டுப் போனாரு." பிறகு கை மறுபடி வலைக்குப் போனது.

தணிகாசலம் அந்த இடத்தைப் பலமுறை ஓட்டிப் பார்த்தார். கை நிற்பதையும் மறுபடி தொடங்குவதையும் வெட்டாமல் அப்படியே விட்டார். இத்தனை வருடத்தில் தான் செய்ததிலேயே நல்ல காட்சி இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அது உண்மையும்கூட. அதை சர்வரில் வைத்தபோது தியோடர் பார்த்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

படம் முடிந்தது. குடும்பங்களுக்கு முதலில் காட்டிவிட்டுத்தான் வெளியே காட்டுவது நசீமாவின் வழக்கம். ஊருக்குக் கொண்டுபோகும் பிரதியை எடுக்கும் வேலையைத் தணிகாசலத்திடம் கொடுத்தார்.

எடுப்பதற்கு முன் ஒரு முறை ஓட்டிப் பார்த்த தணிகாசலம் திடுக்கிட்டார். அமலி வலையோடு உட்கார்ந்திருக்கிறாள், கடலைப் பற்றி ஏதோ சொல்கிறாள், அவ்வளவுதான். சண்டை இல்லை, கை நிற்கவில்லை. மறுபடியும் தியோடர்தான் என்று நினைத்தார். யாரிடமும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து, தன் காட்சியை அதன் இடத்தில் திரும்ப வைத்துப் பிரதி எடுத்தார்.

ஊர்க் கோயில் மண்டபத்து ஜன்னல்களில் போர்வையைக் கட்டி இருட்டாக்கி, பிற்பகலில் படத்தைப் போட்டார்கள். அமலி முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் சாய்ந்தபடி அவள் மாமியார்.

அந்த இடம் வந்தது. "இந்த வாசல்ல மிதிக்காதன்னு சொன்னேன்."

சாய்ந்திருந்த மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அமலி திரையைப் பார்க்கவில்லை. திரும்பி, பின்னால் நின்ற நசீமாவைப் பார்த்தாள். நசீமா தணிகாசலத்தைப் பார்த்தார்.

படம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு அமலி அவர்களிடம் வந்தாள்.

"எடுத்தாச்சுன்னு சொன்னீகளே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "உங்க ஆபீசுக்கே வந்து கேட்டேன். எங்க அத்தைகூடதான் இருக்கேன், அவுகளுக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னேன். எங் கண்ணு முன்னாடியே எடுத்தீகளே."

"எடுத்தோம்" என்றார் நசீமா.

தணிகாசலத்துக்கு அப்போதுதான் புரிந்தது. "எங்கிட்ட ஒரு காப்பி இருந்துச்சும்மா" என்றார்.

அன்றே மாமியார் தன் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மற்றவர்கள் சென்னைக்குக் கிளம்பினார்கள். தணிகாசலம் மட்டும் தங்கினார். மறுநாள் காலையில் அந்த மூத்த மகன் வீட்டைத் தேடிப் போனார். கிழவி வாசலில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடதும்மா. அந்தப் பொண்ணு அதை எடுத்துடச் சொல்லியிருந்தா."

"சொன்னது அவதான?"

"ஆமா. ஆனா..."

"எம் புள்ள கடைசியா காதுல வாங்கிட்டுப் போனது அதுதான?"

கிழவி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"போங்க தம்பி. வெயில் ஏறுது" என்றாள் கிழவி.

சென்னைக்கு வந்தவர் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேராக நசீமாவிடம் போனார். மேஜையில் வைத்துவிட்டு நின்றார். நசீமா பக்கத்து நாற்காலியைக் காட்டினார். தணிகாசலம் உட்காரவில்லை.

"அவங்க வந்து கேட்டது எனக்குத் தெரியாது மேடம்."

"நீங்க அன்னைக்கு வரல. வீட்ல வெட்டிட்டு இருந்தீங்க."

"யாராவது சொல்லியிருக்கலாம்."

"எதுக்காக எடுத்தோம்னு சர்வர்ல அந்தக் காட்சிக்குப் பக்கத்துலயே எழுதி வச்சிருந்தோம். நீங்க அதைத் திறக்கல."

தணிகாசலம் பல நாட்களாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்பவர் போலக் கேட்டார்.

"நான் கெட்ட எண்ணத்துல எதுவும் செய்யல. ஒரு நல்ல காட்சி பாழாயிடக் கூடாதுன்னு பத்திரமா வச்சிருந்தேன். பத்திரமா வைக்கிறது தப்பா மேடம்?"

நசீமா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, வாய் தவறிச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கணும்னு அவங்க பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தாங்க. இங்க இருந்ததை அவங்க கையில கொடுத்துட்டோம். உங்க வீடு எங்க இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"