ரிலேயின் ஐந்து கால்கள்

ஓசூரில் ஒரு கம்பெனி. சர்க்யூட் படத்திலுள்ள ஒவ்வொரு குறியீட்டுக்கும், போர்டில் அந்தப் பாகத்தின் கால்கள் நுழையும் துளைகளைக் கம்ப்யூட்டரில் பொருத்துவதுதான் செண்பகவல்லியின் வேலை. மேனேஜர் கோதண்டபாணி ரிலே என்ற ஐந்து கால் சுவிட்சுக்கு வரைந்து வைத்த துளைகள் அவளுக்குச் சரியாகப் படவில்லை. போய்ச் சொன்னாள்.

ஆயிரம் போர்டு வாங்க வந்த கஸ்டமர் முன்னாலேயே அவர் எகிறினார். "இருபது வருஷ சர்வீஸ் எனக்கு! ஒரு புள்ளி மாறக்கூடாது. செக் பண்ணியாச்சுன்னு கையெழுத்துப் போடு, இல்ல ஐடி கார்டைக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்பு!"

செண்பகவல்லி அசரவில்லை. அவர் வரைந்த துளைப் படத்தை அதே அளவில் பிரிண்ட் எடுத்தாள், அட்டையில் ஒட்டினாள், ஐந்து துளையும் குத்தி நீட்டினாள்.

"ஒரு ரிலேயை நீங்களே சொருகிக் காட்டுங்க சார். உடனே போடறேன்."

சொருகினார். இரண்டு கால் இறங்கியது, மூன்று முறைத்துக்கொண்டு நின்றது. திருப்பினார், அமுக்கினார், ஒரு கால் வளைந்தே போனது. கஸ்டமர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் வேறொரு ரிலேயை அட்டையின் அடிப்பக்கத்திலிருந்து சொருகினாள். ஐந்தும் கச்சிதமாக நுழைந்தன.

"ரிலே கம்பெனிக்காரன் அவன் புக்குல ரிலேயைக் கவிழ்த்துப் போட்டு, கால் பக்கத்துலேருந்து வரைஞ்சிருக்கான். நீங்க அப்படியே காப்பி அடிச்சிருக்கீங்க," என்றவள், பேனாவை அவர் பக்கம் தள்ளினாள். "தப்புன்னு கையெழுத்துப் போடறீங்களா சார், இல்ல கார்டைக் கழட்டறீங்களா?"