போர்வையின் நாலாவது மூலை

குருவைவிடச் சீடருக்குப் பதினோரு வயது கூடுதல். சிரிக்க வேண்டாம், அப்படியும் உண்டு. இருபத்து நாலு வருஷம் பள்ளியில் அறிவியல் நடத்திவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் கோட்பாட்டு இயற்பியல் ஆராய்ச்சிக்கு வந்தவர் தணிகைவேலு. அவருக்கு வழிகாட்டி, பேராசிரியர் நப்பின்னை.

புதன்கிழமை காலை நப்பின்னையின் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தார் தணிகைவேலு. ஆராய்ச்சியிலிருந்து விலகும் கடிதம்.

“என்ன சார் ஆச்சு?”

“மானம் போச்சு மேடம்.”

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் ஈர்ப்பைப் பற்றிப் பொதுமக்களுக்குப் பேசினாராம். நாலு பேரைப் போர்வையின் மூலைக்கொருவராக இழுத்துப் பிடிக்கச் சொல்லி, நடுவில் தேங்காயை வைத்து, கோலிக்குண்டை உருட்டிவிட்டார். அது தேங்காயைச் சுற்றி வந்தது.

“பார்த்தீங்களா, கோலியை யாரும் இழுக்கலை. துணி வளைஞ்சிருக்கு, அதான் சுத்துது. பூமி சூரியனைச் சுத்துறதும் இப்படித்தான்.”

ஒரே கைதட்டல். நாலாவது மூலையைப் பிடித்திருந்த செங்கமலம், பக்கத்துத் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், ஒன்று கேட்டார்.

“யாரும் இழுக்கலைன்னீங்க. அப்போ தேங்காயைக் கீழே அமுக்குறது எது சார்?”

தணிகைவேலு போர்வையையும் தேங்காயையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

“பதில் தெரியாதா சார்?”

“தெரியும். பூமியோட ஈர்ப்புதான். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே துணைக்குக் கூப்பிட்டிருக்கேன். இத்தனை வருஷமா பிள்ளைங்களை ஏமாத்தியிருக்கேன் மேடம்.”

நப்பின்னை கையெழுத்துப் போடவில்லை. கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

“வாங்க, போர்வையை வாங்கிட்டு வருவோம்.”

செங்கமலம் நூலகத்திலிருந்து எடுத்துவந்திருந்த போர்வை, இஸ்திரி வண்டியில் தேய்த்து மடித்துத் தயாராக இருந்தது.

“என்ன சார், இப்படி ஓடிட்டீங்க! மூணு நாளா வர்றவங்ககிட்டல்லாம் கேட்கிறேன், ஒருத்தருக்கும் தெரியலை” என்றார் செங்கமலம்.

கேலி செய்வார் என்று பயந்து வந்தவருக்கு அப்பாடா என்றிருந்தது.

நப்பின்னை கேட்டார்: “போர்வை இல்லாமச் சொல்லியிருந்தா இந்தக் கேள்வி வந்திருக்குமாம்மா?”

“எங்க வரும்? மூலையைப் பிடிச்சிருந்தேன், கனம் கையில தெரிஞ்சுது, கேட்டேன். ஆனா துணி இனி வேலைக்காகாது சார். அது இல்லாமச் சொல்லுங்க.”

“அதுக்குப் படம் போட்டுக் காட்டணுமேம்மா...” என்றார் தணிகைவேலு.

சட்டைப்பையைத் தடவினார். பேனா இருந்தது, தாள் இல்லை.

நப்பின்னை கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, திருப்பி, போர்வையின் மேல் வைத்தார்.

“பின்பக்கம் காலியாத்தான் இருக்கு சார்.”