இடக்கையால் கடிதம் நீட்டிய தூதர்

முன்னொரு காலத்தில், அரசருக்குக் கோபம் வந்தால் ஏழையின் கை போகும் என்றிருந்த கேடுகெட்ட காலத்தில், ஓர் அரசவையில் மாசிலாமணி என்றொரு விகடகவி இருந்தான்.

அந்த அவைக்குக் கடல் கடந்து ஒரு தூதர் வந்தார். தம் நாட்டில் அயல்நாட்டுத் தூதர்களின் உருவத்தைச் செம்புத் தகட்டில் வெட்டி, மை பூசி, காகிதத்தில் அச்சடிப்பார்கள் என்று சொல்லி, ஓர் அச்சுப்பொறியையும் பரிசளித்தார். அரசருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. "இவர் நம்மிடம் பணிந்து கடிதம் நீட்டுவதை நூறு படமாக அடியுங்கள்!" என்றார்.

மாசிலாமணி, செப்பேடு வெட்டும் அம்பலவாணனைக் கைகாட்டினான். அச்சு வேலைக்குப் பொறுப்பு தளவாய் திம்மப்பன். விகடகவியின் பேச்சு அவையில் எடுபடுவதைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

ஒரு மாதம் உழைத்துத் தகடு முடிந்தது. அவையிலேயே முதல் படம் அடித்தார்கள். அதில் தூதர் அரசருக்கு இடக்கையால் கடிதம் நீட்டிக்கொண்டிருந்தார்!

"பீச்சாங்கையாலா? எனக்கா?" அரசர் எழுந்தே விட்டார்.

"வேண்டுமென்றே செய்த அவமானம், பிரபு. வெட்டிய கையை வெட்டுவதே முறை" என்றார் தளவாய்.

அம்பலவாணனின் வலக்கையைக் கட்டையோடு சேர்த்துக் கட்டினார்கள். "சாமி, செப்பேட்டுல எப்படி வெட்டுறமோ அப்படித்தானே படிப்பாங்க? தாள்ல திரும்பி விழும்னு யாரும் சொல்லலியே!" என்று அவன் கதறினான்.

"சொன்னோமே!" என்றான் தூதரின் பேச்சை மொழிபெயர்க்க வந்திருந்த துபாஷி, மெல்ல, மாசிலாமணியின் காதோரம். "இடம் வலம் மாற்றி வெட்டச் சொல்லித் தளவாயிடம் இரண்டு முறை சொன்னோம்."

மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தன்னைக் கவிழ்க்க ஒரு தொழிலாளியின் கையா?

"அரசே, படம் வலக்கைக்கு மாறினால் இவனை விடுவீர்களா?"

"விடுகிறேன். ஆனால் தகட்டில் ஒரு கீறல்கூட மாறக் கூடாது. இப்போதே மாற வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்."

மாசிலாமணி இன்னொரு படம் அடிக்கச் சொன்னான். மை சொட்டச் சொட்ட அதை எடுத்தான். நேரே தளவாயிடம் போய், அவருடைய வெள்ளை அங்கியின் மார்பில் அறைந்து, இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தான். தளவாய் அலறினார். தாளை உரித்தபோது, அவர் மார்பில் தூதர் வலக்கையால் கடிதம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"திரும்பியது இன்னொரு முறை திரும்பினால் நேராகிவிடும், அரசே. தாளில் திரும்பி விழும் என்பது தளவாய்க்கு முன்பே தெரியும். துபாஷியைக் கேளுங்கள்."

துபாஷி ஆமென்று தலையாட்டினான். அரசர் தளவாயின் மார்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிப்பு அப்புறம் ஆகட்டும், அரசே. முதலில் அந்தக் கயிறு" என்றான் மாசிலாமணி, பல்லைக் கடித்தபடி.

கயிறு அவிழ்ந்தது. நூறு படமும் இப்படியே மறுபடி ஒற்றி, நேராக அடித்து முடியும்வரை தளவாய் அதே அங்கியோடு அவையில் நிற்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். அவன் அதைக் கழற்றி, கயிறு சிவக்க அழுந்தியிருந்த அம்பலவாணனின் மணிக்கட்டில் சுற்றினான்.

"அவையே சிரிக்கிறது. நீ மட்டும் ஏனடா முறைக்கிறாய்?" என்றார் அரசர்.

"இன்றைக்கு இவன் அந்தக் கையால் சோறு அள்ளித் தின்பதைப் பார்த்துவிட்டு வருகிறேன், அரசே. நாளைக்குச் சிரிக்கிறேன்."