விரல் நீளச் சாளை

கரைமடி பெரிய வலை. வள்ளம் அதைக் கடலில் அரைவட்டமாக விட்டு வரும். அதன் இரண்டு நுனிகளையும் பிடித்து நாற்பது பேர் கரையில் நின்று இழுப்பார்கள். எப்போது விட வேண்டும், எந்தப் பக்கம் விட வேண்டும் என்பதைப் பாறைமேல் நிற்பவர் துண்டை வீசிச் சொல்வார்.

இருபது வருடம் அந்தப் பாறையில் நின்றவர் ததேயு. கண்ணில் சதை வளர்ந்த பிறகு அவர் பாறையைச் சேசடிமைக்குக் கொடுத்துவிட்டு, இழுப்பவர்களோடு சேர்ந்துகொண்டார்.

சேசடிமை அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். வளைகுடாவில் படகு வேலை பார்த்துத் திரும்பியவர். ஆனாலும் அவர் ததேயுவை 'ஆசானே' என்று அழைத்தார். ததேயு அவரை 'அண்ணே' என்றார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தப் புரட்டாசியில் சாளை மீன் வரவில்லை. முந்தின புரட்டாசியிலும் வரவில்லை.

ஒரு காலையில் தண்ணீர் சிவந்து தெரிந்தது. பறவைகள் விழுந்து எழுந்தன. சேசடிமை துண்டை வீசினார். இரண்டு மணி நேரம் இழுத்தார்கள். வலை நிறைய வந்தது சொறி என்னும் ஜெல்லிமீன். கூழ்போல் குழைந்து, தொட்ட கையையெல்லாம் எரித்தது.

மீன் விற்கக் காத்திருந்த லூர்தம்மாள் கூடையை நீட்டினாள்.

"போடும் அண்ணே. சொறி கிலோ என்ன விலைன்னு சந்தையில கூவட்டும்?"

யாரும் சிரிக்கவில்லை. இழுத்தவர்கள் அங்கேயே நின்று பேசி முடித்தார்கள். இன்னும் ஒரு தடவை இழுப்பது. அப்போதும் சாளை இல்லையென்றால், திங்கட்கிழமை எல்லோரும் மங்களூருக்கு ரயில் ஏறி அங்குள்ள படகுகளில் வேலைக்குச் சேர்வது. டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள்.

நாற்பது பேரும் போனால் மடி இல்லை. மடி இல்லாத ஊரில் யார் இருப்பார்கள் என்று சேசடிமை எண்ணிப் பார்த்தார். அவருடைய இரண்டு மகன்களும் அந்த நாற்பதில் இருந்தார்கள்.

சாயங்காலம் அவர் ததேயுவைத் தேடிப் போனார். ததேயுவின் இரண்டு கைகளும் வீங்கியிருந்தன.

"ஆசானே, நீரு சொல்லித்தந்த அடையாளம் எல்லாம் இருந்துது."

"இருந்துதுதான்."

"பிறகு ஏன் பொய்யாச்சு?"

ததேயு அவரைக் கூட்டிக்கொண்டு கடலுக்கு நடந்தார். முழங்கால் அளவு தண்ணீரில் இருவரும் நின்றார்கள்.

"குளிருதா அண்ணே?"

"இல்ல. கஞ்சித்தண்ணி மாதிரி இருக்கு."

"எனக்குச் சொல்லித்தந்தவரு முதல்ல சொன்னது இதைத்தான். புரட்டாசியில ஒரு நாள், விடியக்காலம், அடிக்கடல் தண்ணி மேல வந்து முழங்காலைக் கடிக்கும். மூணாம் நாள் சாளை வரும்."

"எனக்கு நீரு இதைச் சொல்லித்தரல்லியே."

"கடிச்சாத்தானே சொல்லித்தர?"

சேசடிமை குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"கடைசியா எப்போ கடிச்சுது?"

"என் மக எட்டு வயசுல கோயில்ல புதுநன்மை வாங்குன வருஷம். இப்போ அவ காலேஜ் முடிச்சு வீட்டுல இருக்கா."

சனிக்கிழமை காலை சேசடிமை பாறைமேல் நின்றார். தண்ணீரில் சிவப்பு இல்லை. மழைத்தூறல் விழுவதுபோல் ஓர் இடத்தில் மட்டும் கடல் பொடிப்பொடியாகத் துள்ளியது. இதைப் பற்றி ஆசான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. கைவீக்கம் வடியாததால் அவர் அன்று கரைக்கும் வரவில்லை. கீழே முப்பத்தொன்பது பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேசடிமை துண்டை வீசினார்.

வலை கரையை நெருங்கியபோது வெள்ளி மின்னியது. "சாளை! சாளை!" என்று கத்தினார்கள். சேசடிமை பாறையிலிருந்து ஓடி வந்தார். சாளைதான். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம்.

விரல் நீளச் சாளையை விற்கக் கூடாது, உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். குஞ்சு வந்த கடலுக்குத் தாயும் வரும் என்பார்கள்.

"வலை நிறைய மீனு, கூடை நிறையக் காத்து," என்றாள் லூர்தம்மாள். ஆனால் இந்த முறை அவளும் சிரித்தாள்.

தண்ணீரிலேயே வலையைத் திறந்துவிட்டார்கள். மீன் கூட்டம் வளைந்து ஆழத்துக்குப் போனது. மூத்த மகன் சேசடிமையின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அப்பா, மார்கழிக்குள்ள எல்லாம் ஒரு சாண் ஆகிரும். மங்களூர் யாருக்கு வேணும்?"

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க எல்லோரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். சேசடிமை வலையில் சிக்கிச் செத்திருந்த ஒரு மீனை எடுத்துக்கொண்டு ததேயுவின் வீட்டுக்கு ஓடினார்.

"ஆசானே, குஞ்சு வந்தாச்சு! வலை நிறைய. எல்லாத்தையும் விட்டாச்சு. பயலுவ டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போறானுவ."

ததேயு மீனை வாங்கினார். வீங்கிய விரல்களால் தலையிலிருந்து வால்வரை தடவினார். பிறகு வயிற்றை மெல்ல அமுக்கினார். அமுக்கிய விரல் அங்கேயே நின்றது.

"எப்போ பெருசாகும் ஆசானே? மார்கழியிலயா, தையிலயா?"

ததேயு கட்டைவிரல் நகத்தால் வயிற்றைக் கீறி, மீனைச் சேசடிமையின் கையில் வைத்தார்.

"எனக்குக் கண்ணு தெரியாது. வெளிச்சத்துல வச்சுப் பாரும்."

சேசடிமை வாசலுக்குப் போய்ப் பார்த்தார். வயிறு முழுவதும் மஞ்சளாகச் சினை இருந்தது.

"குஞ்சு வயித்துல எப்படிச் சினை வரும்?"

"குஞ்சு இல்ல அண்ணே. அது வளர்ந்து முடிஞ்ச சாளை. இந்தச் சூட்டுத் தண்ணியில இதுக்கு மேல வளராது."

சேசடிமை தெருவைத் திரும்பிப் பார்த்தார். தெருவின் கோடியில், ஸ்டேஷனுக்குப் போகிறவர்களின் சிரிப்புச் சத்தம் இன்னும் கேட்டது.

"சீக்கிரம் போம் அண்ணே," என்றார் ததேயு. "டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துரப் போறாங்க."