பாதையைச் சுத்தம் செய்தவர்

பொதிகை மலையடிவாரத்தில் அரசியம்மை ஓர் ஆசிரமம் நடத்திவந்தார். அங்கே தியானம் உண்டு, மொட்டை மாடியில் ஒரு தொலைநோக்கியும் உண்டு. வானத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தலைக்கனம் வராது என்பது அவருடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டவர் வள்ளிநாயகம். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர், குருவைவிட வயதில் மூத்த சீடர். ஞானம் தேடித்தான் வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே அடுத்தவர்களிடம் குற்றம் தேட ஆரம்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வானம் பார்க்க வந்திருந்தார்கள். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் குழல்வாய்மொழி. கணவர் இறந்தபின் ஆசிரமத்துக்கு வந்து தங்கிவிட்டவர், திரும்பிப் போக அவருக்கு வேறு வீடு கிடையாது.

ஒரு சிறுமி கேட்டாள். "புளூட்டோவை ஏன் தள்ளி வச்சுட்டாங்க?"

"யாரு தாயி அதைத் தள்ளி வைக்க முடியும்? அதுபாட்டுக்கு அங்கதான் சுத்திக்கிட்டு இருக்கு. அதுவும் கோள்தான்."

வள்ளிநாயகம் பாய்ந்து வந்தார். அத்தனை பிள்ளைகள் முன்னால் குழல்வாய்மொழியின் கையிலிருந்த டார்ச் விளக்கைப் பிடுங்கி, "இதுகூடத் தெரியாம எதுக்குப் பேச வாறீங்க?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். பிள்ளைகள் என்றால் சிரிக்கத்தான் செய்யும். அறுபது வயது மனிதர் அதற்கு இடம் கொடுத்தாரே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிள்ளைகள் போனதும் வள்ளிநாயகம் நேரே குருவிடம் போனார். குழல்வாய்மொழியும் பின்னாலேயே வந்து நின்றார்.

"அம்மா, இவங்க இனிமே இங்க இருக்கக் கூடாது. இருந்தா நான் இருக்க மாட்டேன்."

"என்ன செஞ்சாங்க வாத்தியாரய்யா?"

"புளூட்டோவைக் கோள்னு சொல்லிட்டாங்க. ஆசிரமத்து மானமே போச்சு."

"நான் சொன்னது தப்புதாம்மா," என்றார் குழல்வாய்மொழி. "நான் படிக்கையில கோள் ஒன்பதுன்னுதான் சொல்லிக் குடுத்தாவ. அதுக்காகப் போகச் சொன்னா நான் எங்க போவேன்?"

அரசியம்மை அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிறகு வள்ளிநாயகத்திடம் திரும்பினார்.

"எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கய்யா. கோள்னா என்ன?"

அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பாடம் நடத்தச் சொன்னால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு.

"சூரியனைச் சுத்தணும். சொந்த ஈர்ப்பாலயே உருண்டை ஆகியிருக்கணும். இந்த ரெண்டுலயும் புளூட்டோ பாஸ். மூணாவதுலதான் கோட்டை விட்டுட்டுது."

"அது என்ன மூணாவது?"

"தன் பாதையைச் சுத்தம் பண்ணியிருக்கணும். வழியில வேற எதுவும் பெருசா நிக்கக் கூடாது."

"நின்னா?"

"சிலதை முழுங்கிரும். சிலதைத் தூக்கி எறிஞ்சிரும். மிச்சத்தைத் தன்னையே சுத்த வச்சிரும்."

"புளூட்டோ அப்படிச் செய்யலையோ?"

"அதுக்கு ஏது அந்தச் சக்தி? அது போற வழியில எத்தனையோ கிடக்கு. எல்லாத்துக்கும் நடுவுலதான் இதுவும் சுத்துது. அதனாலதான் குறுங்கோள்னு தனியா வச்சுட்டாங்க."

அரசியம்மையின் முகம் சிவந்தது. குருமார்களுக்குக் கோபமே வராது என்று நினைப்பவர்கள் அன்றைக்கு அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

"அடுப்படியில இருந்த இசக்கி எங்க?"

வள்ளிநாயகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவனுக்குச் சுத்தம் போதாதும்மா. நான்தான் போகச் சொன்னேன்."

"பாடிக்கிட்டு இருந்த மரியதாஸ்?"

"அவருக்குச் சுருதி சேராது."

"பேச்சியம்மா?"

"தியானத்துல குறட்டை விட்டாங்க. எத்தனை தடவை சொல்லுறது? அவங்களே கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

"இப்ப இங்க மிச்சம் இருக்கிறது யாரு?"

வள்ளிநாயகம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். மிச்சம் இருந்தவர்கள் அவர் சிரித்தால் சிரிப்பவர்கள், எழுந்தால் எழுபவர்கள். அவர்களும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்னதுல ஒண்ணாவது பொய்யா?" என்று குரலை உயர்த்தினார் வள்ளிநாயகம். "உள்ளதைச் சொன்னா குத்தமா?"

"பொய்யே இல்ல. நீங்க சொன்னது எல்லாம் உண்மை."

"அப்போ இவங்களைப் போகச் சொல்லுங்க."

அரசியம்மை எழுந்தார். இடுப்பிலிருந்த ஆசிரமத்துச் சாவிக்கொத்தை எடுத்து வள்ளிநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தார். அவர் பதறி, "அம்மா, எனக்கு எதுக்கு இது?" என்றார்.

அரசியம்மை அவரைப் பார்க்கவே இல்லை. குழல்வாய்மொழியைக் கைப்பிடித்து எழுப்பினார்.

"வாங்கக்கா. ஐயா பாதையில இன்னும் நாம ரெண்டு பேருதான் பாக்கி. ஐயாவுக்கு வழிய விடுவோம்."