வேலூர் வெயிலும் வேதகிரியின் வெந்நீரும்

வேலூரில் அரிசி மண்டி வேதகிரி வாயைத் திறந்தால் எதிர்ப்பேச்சு கிடையாது. பங்குனிக் கடைசியில் வீட்டுக்கு வந்த கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, மண்டி ஆட்கள் முன்னாலேயே சமையல்காரி கன்னியம்மா மேல் பாய்ந்தார்.

"எல்லாம் உன் அடுப்படி ஃபேனால வந்த வினை!" என்று அதைக் கழற்றச் சொன்னார். "அடுத்த பில் பாதியாகணும். இல்லேன்னா வேலைக்கு வராதே."

"பாதியானா, ஃபேனை உங்க கையாலயே மாட்டணும் முதலாளி."

"மாட்டுறேன், போ!"

அன்றிலிருந்து தினமும் காலையில் மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் குறித்தாள். ஒரு வாரம் அடுப்படியில் வெந்ததுதான் மிச்சம். எட்டாம் நாள், முதலாளியின் சாயங்காலக் குளியலுக்காக நாள் முழுக்க எரியும் ஹீட்டரை அணைத்தாள். அப்புறம் அதைப் போடவே இல்லை.

வைகாசி முடிந்து வந்த பில் பாதிக்கும் கீழே. "பார்த்தீங்களா? ஃபேனைக் கழட்டினேன், பில் இறங்கிடுச்சு!" என்று மண்டி ஆட்களிடம் மார்தட்டினார் வேதகிரி.

கன்னியம்மா காலண்டரை நீட்டினாள். "ஃபேனைக் கழட்டினப்போ நாளைக்கு ஒரு யூனிட் குறைஞ்சுது. உங்க ஹீட்டரை அணைச்சதும் ஆறு குறைஞ்சுது."

"பொய்! நேத்துகூட உடம்பு சிவக்க வெந்நீர்ல குளிச்சேனே!"

"குளிச்சீங்க முதலாளி. மாடித் தொட்டியில வேலூர் வெயில் காய்ச்சின தண்ணி அது. வெயில் யாருக்கும் பில் அனுப்புறதில்லை."

மண்டி ஆட்கள் துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார்கள். கன்னியம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"ஏறுங்க முதலாளி. ஃபேனை நான் எடுத்துத் தரேன்."